‘மாஸ்கரேடு’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல்: வெள்ளிக்கிழமைக்குள் தேவை

திங்கள் இரவு, நெல்லையிலிருந்து பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

அன்புடையீர், வணக்கம்.

ஆய்வக மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, அதை ரவுட்டராகவும் ஃபயர்வாலாகவும் ஆக்கும் செய்முறையை அடுத்த வாரம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நடத்தவிருக்கிறேன். கோர் 2 டியோ செயலி, 2 ஜிபி நினைவகம், தாய்ப்பலகையோடு வந்த ஒரு வலையிணைப்பு, பரணில் தேடியெடுத்துச் செருகிய ரியல்டெக் 8139 அட்டை ஒன்று, கருவி இவ்வளவுதான். ஆங்கிலக் கையேட்டை வைத்து நடத்தியபோது, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் தட்டிவிட்டு, இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆகையால் நான்கு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அது நகலகத்துக்குப் போயாக வேண்டும்.

ரவுட்டருக்குத் திசைவி என்றே எழுதிவிட்டேன். ஃபயர்வாலுக்குத் தீச்சுவர், தீயரண், நெருப்புச்சுவர் ஆகிய மூன்றும் கண்ணில் படுகின்றன. எதை எடுப்பது என்று சொன்னால் போதும். என்னை உண்மையில் தடுத்து நிறுத்தியிருப்பது, திசைவிக்கான கட்டளையில் வரும் மாஸ்கரேடு என்ற சொல். உள்ளே இருக்கும் கணினி 192.168.10.23 என்ற முகவரியோடு வெளியே ஒரு பொட்டலத்தை (பாக்கெட், அதாவது தரவுத் துண்டு) அனுப்பும்போது, திசைவி அந்த அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் வெளிமுக முகவரியை எழுதி அனுப்புகிறது. பதில் வந்ததும், அது யாருக்கு உரியது என்று நினைவில் வைத்திருந்து, பழைய முகவரியை மீண்டும் எழுதி உள்ளே சேர்க்கிறது. இந்த இரண்டு செயலையும் தாங்கும் ஒரு சொல் வேண்டும்.

செவ்வாய் காலை, தஞ்சையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பு மகளுக்கு வாழ்த்துகள்.

முதலில் திசைவி. திசை என்பது பெயர்ச்சொல்; செய்பவனை உணர்த்தும் இகர விகுதி வினையடியில் ஏறுவதே பெருவழக்கு. ‘சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி’ என்ற குறளில் கொல் என்னும் வினையின்மேல் அது ஏறியிருப்பதைக் காண்க. பெயரின்மேல் ஏறுவதற்கு நாற்காலி இருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். நாற்காலி நான்கு கால்களை உடையது, திசைவி திசைகளை உடையது அன்று. ஆயினும் சொல் ஊரெங்கும் பரவிவிட்டது. பெற்றெடுத்த பிள்ளைக்கு மூக்கு சரியில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது.

தீச்சுவரை நான் ஏற்கமாட்டேன். தீவினை, தீநட்பு என்னும் வரிசையில் வைத்துப் படித்தால் அது தீய சுவர் ஆகிவிடும். தீயரண் அதனினும் சிக்கலானது. ‘மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்’ என்று வள்ளுவர் நான்கு அரண்களை எண்ணுகிறார்; நீரரண் நீரால் ஆனது, காட்டரண் காட்டால் ஆனது. அந்த முறைப்படி தீயரண் என்றால் தீயால் ஆன அரணே தவிர, தீயைத் தடுக்கும் அரண் ஆகாது. நாம் தேடும் சொல் புறத்திணையிலேயே இருக்கிறது. ‘எயில்காத்தல் நொச்சி’ என்பது பழைய வெண்பா. மதிலை முற்றுகையிடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. ஃபயர்வாலை நொச்சி என்றும், அதை உடைக்க முயல்வோனை உழிஞையோன் என்றும் சொன்னால் இரண்டு சொற்கள் ஒரே வேரிலிருந்து கிடைத்துவிடும்.

செவ்வாய் நண்பகல், சென்னையிலிருந்து வலையமைப்பு நிருவாகி:

ஐயாவுக்கு வணக்கம். நொச்சி என்றவுடன் என் நினைவுக்கு வருவது சளி பிடித்தால் ஆவி பிடிக்கும் இலை. மாணவர்களுக்கும் அதுவே வரும். புறப்பொருள் வெண்பாமாலையை விளக்கிய பிறகுதான் ஃபயர்வாலை விளக்க முடியும் என்றால், கையேடு நான்கு பக்கத்தில் முடியாது.

சொல்லப்போனால் ஆங்கிலத்தில் கட்டடக்கலையிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. ஒரு பகுதியில் பற்றிய நெருப்பு அடுத்த பகுதிக்குப் பரவாமல் தடுக்கும் சுவருக்கு அந்தப் பெயர். ஆனால் நம் கருவி எல்லாவற்றையும் தடுக்கும் சுவர் அன்று. விதிப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, இதை விடு, இதை விடாதே என்று தீர்மானிக்கும் வாயிற்காவல். எனவே தீயை மறந்துவிட்டு அரண் என்று மட்டும் எழுதுங்கள். உள்வரும் பொட்டலத்தை ஓசையின்றி எறிவதற்குக் ‘கைவிடு’ என்றும், முடியாது என்று பதில் அனுப்பித் திருப்புவதற்கு ‘மறு’ என்றும் நான் குறிப்பேட்டில் எழுதுவது வழக்கம். இரண்டும் வேறு வேறு என்பது மாணவருக்கு உடனே பிடிபடும்.

மாஸ்கரேடுக்கு வருவோம். லினக்ஸ் கருவின் (கெர்னல், இயங்குதளத்தின் மையப்பகுதி) 2.0 பதிப்பில் ஐபிஎஃப்டபிள்யூஅட்ம் என்ற கருவி இருந்தது, 2.2-இல் ஐபிசெயின்ஸ் வந்தது. 2001-இல் வெளிவந்த 2.4-இல் ஐபிடேபிள்ஸ், 2014-இல் 3.13-உடன் என்எஃப்டேபிள்ஸ். கட்டளைகள் மூன்று முறை மாறின, மாஸ்கரேடு என்ற சொல் மட்டும் மாறவில்லை. ஆதலால் இதற்கு உழைப்பது வீண்போகாது. ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: முகவரி பெயர்ப்பு என்பது பொதுச்சொல், மாஸ்கரேடு அதன் ஒரு வகை. வெளிமுக முகவரி நிலையானது என்றால் அதை விதியிலேயே எழுதிவிடலாம். இணைப்பு அறுந்து மீளும்போதெல்லாம் முகவரி மாறுகிற இடத்தில், அந்தக் கணத்தில் வெளிமுகத்துக்கு எந்த முகவரி உள்ளதோ அதை எடுத்துக்கொள் என்பதுதான் மாஸ்கரேடு. நான் உருமறைப்பு என்று முன்மொழிகிறேன்.

செவ்வாய் இரவு, யாழ்ப்பாணத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். உருமறைப்பு என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் பயன்படுத்த முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. போர்க்காலத்தைக் கண்ட எவருக்கும் அது வாகனத்தின்மேல் வலை போட்டு, குழைகளைச் செருகி, வானத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல் நிறுத்துவதைத்தான் குறிக்கும். அந்த நினைவை ஒரு கணனி வகுப்புக்குள் கொண்டுவர நான் விரும்பவில்லை. அதை ஒருபுறம் வைத்தாலும் பொருள் பொருந்தாது. உருமறைப்பில் பொருள் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. மாஸ்கரேடில் ஆள் தெரிகிறார், ஆனால் வேறொருவராகத் தெரிகிறார். மாறுவேடம் என்பதே நேரான சொல்.

புதன் காலை, தஞ்சையிலிருந்து:

யாழ்ப்பாணத்து அன்பர் காட்டிய வேறுபாடு நுட்பமானது, ஏற்கிறேன். உருவைப் பற்றி நானும் ஒன்று சொல்லலாம் என்றிருந்தேன்: ‘உரு உட்காகும் புரை உயர்பாகும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். உரு என்றால் அங்கே அச்சம். உருமறைப்பு அச்சத்தை மறைப்பதாகிவிடும். அது வீரத்துக்குப் பெயராகலாம், திசைவிக்கு ஆகாது.

ஆனால் மாறுவேடத்தில் பிற்பாதி வடசொல். விஷம் விடம் ஆனது போலவே வேஷம் வேடம் ஆயிற்று. மாறுகோலம் என்றால் குறையில்லை. மேலும், மகள் கேட்டது முகவரியை மாற்றுவதும் மீட்பதும் ஆகிய இரண்டையும் தாங்கும் சொல். இதற்கு நளன் கதையினும் பொருத்தமான சான்று இல்லை. கார்க்கோடகன் தீண்டியதால் நளன் வேற்றுருக் கொண்டு, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி வேந்தனுக்குத் தேரோட்டுகிறான். பழைய உருவை மீட்பதற்கென்று அந்த நாகமே ஆடையும் தந்து அனுப்புகிறது. உருமாற்றமும் மீட்பும் ஒரே கையால் தரப்பட்டன. ஆகவே வாகுகமாக்கல் என்று கூறலாம்.

புதன் நண்பகல், சென்னையிலிருந்து:

ஐயா, கதை அருமை. ஆனால் நளன் ஒருவன், அவனுக்கு வேடமும் ஒன்று. இங்கே நாற்பது கணினிகளும் ஒரே நேரத்தில் ஒரே வாகுகனாக வெளியே போகின்றன. 23-ஆம் கணினியின் பேச்சு 51514 என்ற வாயில் எண்ணோடும் (போர்ட்), 31-ஆம் கணினியின் பேச்சு வேறோர் எண்ணோடும் போவதால்தான் பதில் குழம்பாமல் திரும்புகிறது. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கருவே குறித்து வைத்துக்கொள்கிறது. ஆடையை வைத்திருப்பது நளன் அன்று, திசைவி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஐபி ஆறாம் பதிப்பு எங்கும் வந்துவிட்டால் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி கிடைக்கும், இந்த வேடமே தேவைப்படாது. நாம் தேடுவது ஓய்வுபெறும் வயதை நெருங்கும் சொல்.

புதன் இரவு, நெல்லையிலிருந்து:

அன்புடையீர், இன்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஆனால் அதற்கு முன்பே முக்கால் மணிநேரம் கணினியோடு போயிற்று. விசைப்பலகையைக் கழற்றிவிட்டு இயக்கியதால், விசைப்பலகை இல்லை, தொடர எஃப் 1 விசையை அழுத்தவும் என்று திரையில் எழுதிவிட்டு அது அசையாமல் நின்றது. இல்லாத விசைப்பலகையில் எதை அழுத்துவது என்று மாணவர்கள் சிரித்தார்கள். பிறகு தாய்ப்பலகையின் காசு மின்கலம் தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்ததால், சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று சொல்லி எந்த மென்பொருளும் இறங்க மறுத்தது. எல்லாம் சரியான பிறகு, கரும்பலகையில் இரண்டு கட்டம் வரைந்து, முகவரியை அழித்து எழுதிக் காட்டி, இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். மாறுகோலம் என்றதும் ஒரு மாணவி மார்கழிக் கோலத்தை நினைத்துக்கொண்டதாகச் சொன்னாள். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “ஆள்மாறாட்டம், மேடம்” என்றான். வகுப்பு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது.

வியாழன் காலை, சென்னையிலிருந்து:

அந்த மாணவனுக்கு என் பாராட்டு. மூன்று நாளாக நாம் தேடியது செய்தித்தாளிலேயே இருந்திருக்கிறது. ஆனால் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் தேர்வெழுதிப் பிடிபடுவதைத்தான் அச்சொல் குறிக்கிறது. பொய்யான அனுப்புநர் முகவரியோடு பொட்டலம் அனுப்பி ஏமாற்றும் தாக்குதல் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கு ஆள்மாறாட்டத்தை விட்டுவைப்போம். இங்கே ஆளை எடுத்துவிட்டு முகவரி மாறாட்டம் என்று வைத்தால் குற்றவாடை குறையும், மாணவருக்கும் விளங்கும்.

வியாழன் மாலை, தஞ்சையிலிருந்து:

மாறு, ஆட்டம் இரண்டும் தூய தமிழ். போராட்டம், தள்ளாட்டம் போல இயல்பாக அமைந்திருக்கிறது. வாகுகமாக்கலை வற்புறுத்தவில்லை. நொச்சியை மட்டும் மறுபடியும் எண்ணிப் பார்க்கவும்.

வியாழன் இரவு, யாழ்ப்பாணத்திலிருந்து:

பெரும்பான்மை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது. எனினும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். எங்கள் வீடுகளில், வயது முதிர்ந்தவர் பிள்ளையைப் பார்த்து நீ ஆரடா என்று கேட்டால், ‘அம்மம்மாவுக்கு மாறாட்டம்’ என்போம். நினைவு தப்பியவருக்குச் சொல்லும் சொல் அது. விரிவுரையாளர் முதல் மடலிலேயே சொன்னார், பதில் வந்ததும் யாருக்கு உரியது என்று திசைவி நினைவில் வைத்திருக்கிறது என்று. எதையும் மறவாமல் நாற்பது கணனிகளின் கணக்கை வைத்திருக்கும் கருவியின் வேலைக்கு மறதியின் பெயரை வைப்பது எப்படிப் பொருந்தும்? வேடம் வடசொல்லாகவே இருக்கட்டும். கூத்துப் பார்க்கும் எவருக்கும் அது விளங்கும், வேடம் கலைந்தால் உள்ளே இருப்பவர் பழைய ஆள்தான் என்பதும் விளங்கும்.

வெள்ளி நண்பகல், நெல்லையிலிருந்து:

அன்புடையீர், யாழ்ப்பாணத்து ஐயா சொன்னதற்கு என்னிடம் விடை இல்லை. எங்கள் ஊரில் அந்தப் பொருள் வழங்கவில்லை என்பதைத் தவிர. நேரமும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் முகவரி மாறாட்டம் என்று எழுதி, கட்டளையில் வரும் மாஸ்கரேடு என்ற சொல் இதையே குறிக்கும் என்று அடுத்த வரியில் சேர்த்து, நகலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஃபயர்வால் அரண் ஆயிற்று. கைவிடு, மறு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். நிறுவும்போது கணினிக்கு ஒரு பெயர் கேட்டது. மாணவர்களிடம் வெண்பாவைச் சொன்னேன், அவர்கள் நொச்சி என்று வைத்துவிட்டார்கள். தஞ்சை ஐயாவுக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளி இரவு, யாழ்ப்பாணத்திலிருந்து:

கையேடு நன்றாக அமையட்டும். அதன் கோப்பை அனுப்பி உதவினால் எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுப்பேன். மூன்றாம் பக்கத்தை மட்டும் மாறுவேடம் என்று மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்.