கிரவுண்ட் பிளைண்டுக்குள் உட்கார்ந்த அனுபவங்கள்: என்னுடையது இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

போன வாரம் ஒரு தம்பி முதல் கிரவுண்ட் பிளைண்ட் (தரையில் மறைந்து உட்காரும் துணிக்கூடாரம்) வாங்கப் போவதாகவும் எது நல்லது என்றும் கேட்டிருந்தார். ஆளுக்கொரு மாடல் பெயர் சொன்னோம். அது போதாது என்று அன்று முதல் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து என்ன தவறு செய்தோம், மான் நம்மை எப்படிக் கண்டுபிடித்தது என்று சொன்னால்தான் புதிதாக வருகிறவருக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் விஸ்கான்சினில், மேடிசனுக்கு மேற்கே இருக்கிறேன். வேட்டை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினார். 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு கட்டாயம் என்பதால் அதை முடித்தேன். பிறகு கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி விசையை இழுத்து அம்பு விடும் வில்) வாங்கினேன். இங்கே 2014 முதல் கிராஸ்போவுக்குத் தனி சீசன் உண்டு, செப்டம்பர் நடுவில் தொடங்கிவிடும், நவம்பர் துப்பாக்கி சீசனின் கூட்டத்துக்கு முன்னால் நிதானமாக உட்காரலாம்.

முதல் பிளைண்டை நான் தேர்ந்தெடுத்த விதம்தான் தவறு. கடையில் விரித்து வைத்திருந்த நான்கில் எதன் துணியில் இலை அச்சு அழகாக இருந்ததோ அதை எடுத்தேன். எடை குறைவு, விலையும் குறைவு, தரை அகலம் ஒரு பக்கம் 60 அங்குலம்தான். ஸ்டூலைப் போட்டு உள்ளே உட்கார்ந்து பார்க்கவில்லை, ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளக்கவும் இல்லை. மான் அந்த இலை அச்சை நம் கண்ணால் பார்ப்பதில்லை. அதற்குச் சிவப்பு, ஆரஞ்சு பிரித்துத் தெரியாது, நீலமும் புற ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். நேற்று இல்லாத ஒரு பெட்டி இன்று நிற்பதுதான் அதன் கண்ணில் படும்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகு மூன்று வாரம் முன்பே கொண்டுபோய் நட்டேன். ஒரு பண்ணையாரின் அல்ஃபால்ஃபா வயலும் ஓக் தோப்பும் சேரும் மூலை. 2002இல் மான்களின் மூளையை அழிக்கும் சிடபிள்யூடி நோய் விஸ்கான்சினில் முதலில் தெரியவந்தது எங்கள் பக்கம்தான். மான்கள் ஒரே இடத்தில் கூடினால் அது பரவும், அதனால் இங்கே தீனி போட்டு மானை இழுக்கத் தடை, அது தானாக நடக்கும் தடத்தை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். தடத்திலிருந்து 20 யார்டு தள்ளி, காற்று தடத்திலிருந்து என் பக்கம் வீசும்படி கூடாரத்தை வைத்தேன். அங்கேயே வெட்டிய ஓக் கிளைகளையும் காய்ந்த கோல்டன்ராட் தண்டுகளையும் கூடாரத்தின் மூலைகளிலும் கூரை விளிம்பிலும் செருகினேன். பெட்டியின் நேர்க்கோடு உடைய வேண்டும், வேலையே அதுதான்.

அக்டோபர் இரண்டாவது வாரம், மாலை ஐந்தே முக்கால் இருக்கும். தோப்பிலிருந்து ஒரு பெண்மான் தனியாக இறங்கியது. இரண்டடி வைக்கும், நிற்கும், காதை மட்டும் பின்னால் திருப்பும், மறுபடி இரண்டடி. கூடாரத்தைப் பார்த்தது, பழகிய பொருளைப் பார்ப்பதுபோல் விட்டுவிட்டது. 22 யார்டில் பக்கவாட்டில் நின்றது. ஸ்கோப்பில் குறி துல்லியமாக இருந்தது. விசையை இழுத்தேன். துணி கிழியும் சத்தம் கேட்டது. மான் வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து போய்விட்டது.

ஸ்கோப் அம்பைவிடக் கிட்டத்தட்ட 3 அங்குலம் மேலே இருக்கிறது. என் கண்ணுக்கு ஜன்னல் திறந்திருந்தது, அம்புக்கு முன்னால் ஜன்னலின் கீழ் விளிம்பு இருந்தது. அதைத் தொட்டு, தடுமாறி, எங்கோ போயிருக்கிறது. அம்பு மானின் வயிற்றில் பட்டிருந்தால் என்ன ஆவது என்ற நினைப்பில் கை நடுங்கியது. அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன், பிறகு பெரியவரை வரச்சொல்லி இருவருமாக விளக்கை வைத்துக்கொண்டு இலை இலையாகத் தேடினோம். ரத்தம் ஒரு துளி இல்லை, முடி இல்லை. ஒன்பது மணிக்கு மேல், மான் நின்ற இடத்துக்கு எட்டு யார்டு முன்னாலேயே அம்பு மண்ணில் சாய்ந்து புதைந்திருப்பதைக் கண்டோம், சிறகில் கூடாரத் துணியின் பச்சை நூல் சிக்கியிருந்தது. அந்த நூலைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

அதனால் தம்பிக்கு என் முதல் வார்த்தை இதுதான். வாங்கும் முன் உங்கள் ஸ்டூலையும் வில்லையும் (உறையோடாவது) கொண்டுபோய் உள்ளே உட்கார்ந்து பாருங்கள், கடைக்காரர்கள் விடுவார்கள். வில்லைக் கிடைமட்டமாகப் பிடித்துத் திருப்பினால் கை இரண்டு பக்கமும் துணியில் இடிக்கக் கூடாது. ஜன்னலின் கீழ் விளிம்பு அம்பு போகும் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். அப்புறம் சீசனுக்கு முன்னால் புழக்கடையில் கூடாரத்தை நட்டு அதற்குள்ளிருந்தே பயிற்சி அம்பு விடுங்கள். வெளியே நின்று எத்தனை நூறு அம்பு விட்டிருந்தாலும் இது வேறு.

அடுத்த வருடம் பெரிய கூடாரம் வாங்கினேன். அதிலும் ஒரு மாலை கெட்டது. வெக்கையாக இருக்கிறதே என்று முதுகுப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தேன், பின்னால் மேற்கு வானம். வந்த மூன்று மான்களுக்கும் என் தலையும் தோளும் விளக்குக்கு முன்னால் வைத்த பொம்மை மாதிரி தெரிந்திருக்கும். முன்னால் வந்தது காலைத் தரையில் தட்டி, மூக்கால் ஒரு ஊது ஊதியது, எல்லாம் போய்விட்டன. இப்போது பின் ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, கறுப்புக் கையுறை. பளிச்சிட வைக்கும் சலவைத்தூளில் துவைத்ததைப் போடுவதில்லை, அது புற ஊதாவில் மினுங்கும். தரையில் இருக்கும் இலைச் சருகை மண் தெரியும்வரை கூட்டித் தள்ளிவிட்டுத்தான் உட்காருவேன்.

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

*

அண்ணா, அந்த அம்பு விஷயத்தைப் படிக்கும்போது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. நான் டெக்சஸ், சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ஒரு நண்பரின் நிலத்தில் காட்டுப் பன்றிக்கு உட்காருகிறேன். இங்கே மக்காச்சோளம் போடலாம், ஃபீடர் (தீனியை இறைக்கும் இயந்திரம்) எந்த நேரத்தில் சுழலும் என்று நாமே வைத்துவிடலாம், தூரமும் தெரியும். அதனால் பிளைண்ட் எங்கே நடுவது என்ற கவலை குறைவு. கவலையெல்லாம் காற்றும் பூச்சியும்தான்.

கூடவே கொடுக்கும் நான்கு மெல்லிய ஆணியை மட்டும் நம்பி முதல் கூடாரத்தை ஒரு வாரம் விட்டுவிட்டேன். திரும்பி வந்தால் இடத்தில் இல்லை. முன்னூறு அடி தள்ளி ஒரு மெஸ்கீட் மரத்தில் முள்ளோடு தொங்கியது, இரண்டு ஃபைபர் கம்பி முறிந்திருந்தன. இப்போது கட்டடக் கம்பி வெட்டி ஒன்றரை அடி ஆணியாக அடிக்கிறேன், நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுகிறேன். மூடி வைத்த கூடாரத்தைத் திறக்கும்போது நேரே கையை விடாதீர்கள். கம்பால் தட்டி, விளக்கடித்துப் பார்த்துவிட்டு நுழையுங்கள். கூரை மூலையில் குளவிக்கூடு, தரையில் நெருப்பெறும்புப் புற்று, ஒருமுறை ஸ்டூலின் அடியில் தேள், எல்லாம் பார்த்தாகிவிட்டது.

இன்னொன்று, விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்காகச் சொல்கிறேன். 2019 செப்டம்பர் முதல் இங்கே தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி வேட்டையாட லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆக, பன்றிக்கு வேண்டாம் என்றாலும் நமக்கு வேண்டும். நான் விசாவில் இருந்த வருடங்களில் லைசென்ஸை ஒரு நாளும் காலாவதியாக விட்டதில்லை, துப்பாக்கிப் பெட்டியிலேயே ஒரு நகல் வைத்திருந்தேன்.

*

நானும் விஸ்கான்சின்தான் அண்ணா, லா கிராஸ் பக்கம். மானைவிட எனக்கு ஏப்ரல் மாத வான்கோழிதான் பிடிக்கும். 1976இல் மிசூரியிலிருந்து கொண்டுவந்து பக்கத்து வெர்னன் கவுன்ட்டியில் விட்ட பறவைகளின் சந்ததிதான் இன்று இந்த மலைச்சரிவு முழுக்கக் கூவிக்கொண்டு திரிகிறது. அதற்குப் பதிலாக இங்கிருந்து ரஃப்டு கிரவுஸ் பறவைகளை அங்கே கொடுத்தார்களாம்.

வான்கோழிக்குக் கூடாரத்தை மூன்று வாரம் முன்னால் நட வேண்டிய அவசியமே இல்லை. விடியும் முன் இருட்டில் விரித்தாலும் அது கண்டுகொள்வதில்லை. மோப்பமும் பெரிதாகக் கிடையாது. ஆனால் அசைவு ஒன்று தெரிந்தால் போதும், முடிந்தது. மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தால் பிள்ளைகளால் அப்படி அசையாமல் இருக்க முடியாது, அதனால்தான் நான் பிளைண்ட் வாங்கினேன்.

போன வசந்தத்தில் என் பன்னிரண்டு வயது மகளோடு உட்கார்ந்தேன். 15 யார்டில் ஒரு பெட்டைப் பொம்மையும் ஒரு இளஞ்சேவல் பொம்மையும் வைத்தோம். நம் பழைய தமிழில் இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைக்கும் விலங்குக்குப் 'பார்வை' என்றே பெயர் உண்டு, இவளுக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போய் டிக்காயை (இந்த ஏமாற்றுப் பொம்மைகளை) எல்லாம் பார்வை என்றுதான் சொல்கிறாள். சேவல் பொம்மையின் முகத்தைக் கூடாரத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். வரும் பெரிய சேவல் அதன் முகத்துக்கு முகம் நின்று மிரட்டப் பார்க்கும், அப்போது அதன் முதுகு நம் பக்கம் இருக்கும், விரித்த வாலுக்குப் பின்னால் நாம் துப்பாக்கியை உயர்த்துவது தெரியாது.

ஏழு மணிக்கு வந்தது. வாலை விசிறியாக விரித்து, இறக்கையின் நுனி தரையில் உரச ஒரு சரசர சத்தம், தலை வெள்ளையும் நீலமும் சிவப்புமாக நொடிக்கு நொடி மாறுகிறது. மகளின் மூச்சு எனக்குக் கேட்டது. அவள் சுடவில்லை. இரண்டு முறை குறி வைத்து இரண்டு முறையும் "அம்மா, பொம்மை நடுவில் வருகிறது" என்று காதில் சொன்னாள். பறவை ஐந்து நிமிடம் சுற்றிவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதையே பேசிக்கொண்டு வந்தாள், சந்தேகம் இருந்ததால் விட்டேன் என்று. எனக்கு அன்று வந்த பெருமை வேறு எந்த வேட்டை நாளிலும் வந்ததில்லை.

*

நான் பொள்ளாச்சி. நம்மூரில் வேட்டை கிடையாது, நான் வைத்திருப்பது கேமரா மட்டும். ஆனாலும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் நீங்கள் எல்லோரும் சொல்வது எனக்கும் அப்படியே பொருந்துகிறது. நண்பரின் தென்னந்தோப்பில் ஒரு சின்னத் தண்ணீர்க் குழிக்கு எதிரே பழுப்பு நிறத் துணிக்கூடாரம் வைத்திருக்கிறேன். வெட்டவெளியில் நட்டபோது நான்கு நாள் ஒரு கௌதாரிகூட வரவில்லை. காய்ந்த மட்டைகளைச் சாய்த்து வைத்த பிறகு ஐந்தாம் நாள் காலை ஜோடியாக வந்து தண்ணீர் குடித்தது. பனிக்காலத்தில் ஆறுமணிக் குருவி ஒன்று அந்தக் குழிக்கு வந்தது, லென்ஸ் நகர்ந்த சத்தத்துக்கே பறந்துவிட்டது. அன்று முதல் லென்ஸை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதில்லை, வலைக்குப் பின்னால் ஒரு சாண் உள்ளேயே நிறுத்துகிறேன். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அதன் பக்கத்தில் கூடாரம் போடவே மாட்டேன், தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும்.

*

எல்லோருக்கும் நன்றி. தங்கையே, உங்கள் மகளிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள், அந்த வயதில் விரலை எடுக்கத் தெரிந்தது பெரிய விஷயம்.

தனிச்செய்தியில் இருவர் துப்பாக்கி சீசனைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அரசு நிலத்தில் பிளைண்ட் வைத்தால் அந்தச் சீசனின் ஒன்பது நாளும் எல்லாப் பக்கமிருந்தும் தெரியும்படி 144 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு அல்லது பிங்க் துணி கட்டியிருக்க வேண்டும், இது விதி. தனியார் நிலத்திலும் நான் கட்டுகிறேன். உள்ளே நாம் போட்டிருக்கும் ஆரஞ்சு உடுப்பு வெளியே இருப்பவருக்குத் தெரியாது. மானுக்கு அந்த நிறம் மங்கலாகத்தான் தெரியும், நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. கேஸ் ஹீட்டர் வைப்பவர்கள் மேல் ஜன்னல் ஒன்றைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் வரும். பனி பெய்த இரவுக்கு மறுநாள் போய்க் கூரையைத் தட்டிவிடுங்கள், ஈரப்பனியின் கனத்தில் என் இரண்டாவது கூடாரத்தின் கூரை உள்ளே குழிந்து கம்பி வளைந்துவிட்டது.

அந்தக் கூடாரத்திலிருந்துதான் மூன்றாவது வருடம் என் முதல் மான் கிடைத்தது, 18 யார்டில், அறுபது யார்டுகூட ஓடவில்லை. மறுநாள் மாலை ஐந்துக்குள் பதிவு செய்து, சிடபிள்யூடி சோதனைக்காகத் தலையை அதற்கான பெட்டியில் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரிலேயே வைத்திருந்தேன். நோய் இல்லை என்று வந்த அன்று மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு வறுத்து, முதல் கிண்ணத்தைப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.