இஸ்தான்புல்: பழைய வழிகாட்டி நூல் உதவுமா?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவோடு இஸ்தான்புல் போகிறேன். பழைய புத்தகக் கடையில் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி நூல் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நம்பிப் போகலாமா?

பதில்: முதலில் விமான நிலையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அத்தாதுர்க் என்று இருக்கும். 2019 ஏப்ரலிலேயே அங்கிருந்த பயணிகள் விமானங்கள் புது நிலையத்துக்குப் போய்விட்டன. ஹாகியா சோபியாவை அருங்காட்சியகம் என்று போட்டிருப்பார்கள், 2020இல் மசூதியாகிவிட்டது. துருக்கி நாணயமான லிராவில் போட்டிருக்கும் பழைய விலைகளைப் படித்தால் சிரிப்புதான் வரும்.

மற்றொருவர்: அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நானும் ஒரு பழசைத்தான் கொண்டுபோனேன். சுலைமானியே மசூதியை மிமார் சினான் கட்டிய கதையை அந்த முற்றத்திலேயே உட்கார்ந்து படித்தேன். அந்தச் சுகம் போனில் இல்லை. கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு விடுமுறை என்றும் அதில் இருந்தது. படிக்காமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தேன், அது என் தப்பு.

கேட்டவர்: சரி, அம்மாவுக்கு முட்டி வலி. எந்தத் தெரு ஏற்றம் என்று வரைபடத்தில் தெரியவில்லையே?

பதில்: அதுதான் பெரிய குறை. கராகோய் பகுதியிலிருந்து கலாட்டா கோபுரம் வரைபடத்தில் பக்கம்தான், நடந்தால் மூச்சு வாங்கும். துனெல் சுரங்க ரயிலில் ஏறிவிடுங்கள். 1875இலிருந்து ஓடுகிறது, உங்கள் புத்தகத்திலும் இருக்கும்.