“பண்டாய்லா நம்ம மருமக” என்றால் பாராட்டா, குத்தலா?

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்):
கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து இங்கே வந்து 2 வருடம் ஆகிறது. புகுந்த வீட்டிலும் தமிழ்தான். ஆனாலும் குத்தல் எது, பாராட்டு எது என்று பிடிபடவில்லை. போன வாரம் ரசத்தில் உப்பு கூடிவிட்டது. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, “பண்டாய்லா நம்ம மருமக” என்றார். பண்டாய் என்றால் மலாயில் கெட்டிக்காரி. சந்தோஷமாக இன்னொரு கரண்டி ஊற்றினேன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். ராத்திரி அழுதுவிட்டேன். அம்மா குத்திப் பேசினால் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுமே, இங்கே ஏன் முடியவில்லை?

பதில் 1 (பினாங்கு):
தங்கச்சி, அதற்குப் பேர் பெர்லி. குத்தலாகக் கிண்டல் பண்ணுவதைச் சொல்லும் மலாய்ச் சொல். எங்கள் வீட்டிலும் தமிழுக்கு நடுவே திடீரென்று ‘பண்டாய்’, ‘பாகுஸ்’ (நல்லது) என்று வந்தால் முதலில் சொல்கிறவர் முகத்தைத்தான் பார்ப்போம்.

பதில் 2:
குரலும் மொழிக்கு மொழி மாறும்மா. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கிண்டலாகப் பேசும்போது ஆங்கிலக்காரர்களின் சுருதி இறங்கியது. கான்டனீஸ் பேசுபவர்களுக்கு ஏறியது. காது பழக நாளாகும்.

பதில் 3:
புறநானூறு 95ஐப் பாருங்கள். தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூடி, நெய் பூசி இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். கேட்க என்னவோ புகழ்ச்சிதான். போர் பார்த்த வேல் எது என்று தெரிந்தவருக்கே குத்தல் புரியும். உங்கள் வீட்டுச் சங்கதி நாத்தனாருக்குத் தெரியும், அவளிடமே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கேட்டேன் அண்ணா. மாமியார் அவளையும் அப்படித்தான் சொல்வாராம், பாசம் இருந்தால் மட்டும்.