நீர் எங்கே நிற்கிறது?

செந்தில்: எக்ஸ்ரே வந்துவிட்டது. அப்பாவுக்கு வலது பக்கம் நீர் கோத்திருக்கிறதாம். நாளைக் காலை ஊசி வழியாக எடுப்பார்கள்.

ராஜி அத்தை: ஐயோ! நுரையீரலுக்குள்ளேயே ஊசியா? அண்ணன் எப்படித் தாங்குவார்?

சுமதி சித்தி: மதினி, பதறாதீர்கள். நீர் நுரையீரலுக்குள் இல்லை. நுரையீரல்மேல் மெல்லிய சவ்வு ஒன்று, விலாவின் உட்புறம் இன்னொன்று. நடுவில்தான் நீர் நிற்கிறது.

கார்த்தி: அம்மா, அங்கே எப்போதுமே நீர் இருக்காதா?

சுமதி சித்தி: இருக்கும், 10, 20 மில்லி. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிப் பார்; வழுக்கும், பிரியாது. நெஞ்சு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிவது அதனால்தான். நீர் மிகுந்துவிட்டால் விரிய இடமேது? அத்தானுக்கு மாடியேறினால் மூச்சு வாங்கியது இதனால்தான்.

செந்தில்: போன வாரம் மூச்சை இழுத்தால் குத்துகிறது என்றார். பிறகு வலி போய்விட்டது, குணமாகிவிட்டேன் என்று கடைக்கே கிளம்பினார்.

சுமதி சித்தி: அதுதான் இதன் கள்ளத்தனம். வலி உணர்வது விலாப் பக்கத்து வெளிச்சவ்வுதான், நுரையீரல்மேல் இருக்கும் உள்சவ்வுக்கு வலியே தெரியாது. அழற்சி வந்த சவ்வுகள் உரசும்போது குத்தும். நடுவில் நீர் சேர்ந்ததும் உரசல் நிற்கும், வலியும் அடங்கும். நோய் அப்படியே இருக்கும்.

மூர்த்தி மாமா: கொள்ளு ரசம் குடித்தால் நெஞ்சுநீர் வற்றுமாம். வீடியோ அனுப்பட்டுமா?

சுமதி சித்தி: வேண்டாம் அண்ணா.

சுமதி சித்தி: செந்தில், கேள். அப்பாவை உட்கார வைத்து, முன்னால் மேசைமேல் தலையணை போட்டுச் சாயச் சொல்வார்கள். முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்துவார்கள். கீழ் விளிம்பில் ரத்தக்குழாய் ஓடுகிறது. இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல். முழுவதும் எடுக்கவில்லையே என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதே. ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பொதுவாக எடுக்க மாட்டார்கள்.

செந்தில்: டிபியாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் சளியில் கிருமி இல்லையே?

சுமதி சித்தி: சவ்வில் வரும் டிபியில் பெரும்பாலும் அப்படித்தான். எடுக்கிற நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவைப் பார்ப்பார்கள்; டிபி என்றால் அது கூடியிருக்கும். டிபி என்றால் வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைப் பார்த்து யாரும் அழ வேண்டாம், மதினி.

மூர்த்தி மாமா: மச்சானுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?

சுமதி சித்தி: தட்டில் டிபி பரவாது அண்ணா. நுரையீரலிலும் இருந்தால் இருமல் வழியாகப் பரவலாம், அதை டாக்டர் சொல்வார்.

ராஜி அத்தை: சுமதி, நான் கொள்ளு ரசம் வைத்துவிட்டேனே.

சுமதி சித்தி: செந்திலுக்குக் கொடுத்தனுப்புங்கள். காலையிலிருந்து கேன்டீன் இட்லிதான் தின்கிறான்.