மறு: ஹைபிரிட் காருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

> 'கலப்பின' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, 'கலப்பினக் கார்' என்றே எழுதினால் என்ன?

கலப்பின நெல், கலப்பினப் பசு என்றால் பொருந்தும். அங்கே இரண்டு இனம் சேர்ந்து புதிதாக ஒன்று பிறக்கிறது. காரில் எதுவும் கலக்கவில்லை. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் தனித்தனியாகவே இருந்து, சில நேரம் முறை வைத்தும் சில நேரம் சேர்ந்தும் வேலை செய்கின்றன. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா விற்பனைக்கு விட்ட பிரியஸ் என்ற ஹைபிரிட் காரிலேயே இந்த ஏற்பாடுதான். எனவே 'இருவிசைக் கார்' என்று பரிந்துரைக்கிறேன்.

> இயற்பியலில் விசை வேறு, திறன் வேறு. குழப்பம் வராதா?

பாடநூலில் வேறுதான். ஆனால் விசைத்தறி, விசைப்படகு என்றதும் எந்திரத்தால் ஓடுவது என்று எல்லோருக்கும் புரிகிறது. அந்த வழக்கைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். பெட்ரோல், சிஎன்ஜி இரண்டிலும் ஓடும் காரோடும் இது குழம்பாது. அங்கே எரிபொருள்தான் இரண்டு, எஞ்சின் ஒன்றே.

எனக்கு முக்கியம், கார் வாங்கப் போகிறவர் ஏமாறக் கூடாது என்பது. 2022இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவில் இரண்டு வகை உண்டு, இரண்டுமே ஹைபிரிட் என்றுதான் விற்கப்பட்டன. ஒன்றில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். தனியாகக் காரை ஓட்டாது. மற்றதில் எஞ்சின் அணைந்திருக்கும்போதே மோட்டார் காரை ஓட்டிச் செல்லும். சோதனைக் கணக்கில் முதல் வகை லிட்டருக்குச் சுமார் 21 கி.மீ., இரண்டாவது 27.97. விலையிலும் லட்சக்கணக்கில் வித்தியாசம். முதல் வகையை 'மின்துணைக் கார்' என்று பிரித்துவிட்டு, இரண்டாவதற்கு மட்டும் 'இருவிசை' என்று வைத்தால் கடையில் கேள்வி கேட்கவாவது வழி பிறக்கும்.

அப்புறம், பிரேக். இருவிசைக் காரின் பலனில் முக்கியமான ஒரு பங்கு இங்கே இருக்கிறது. சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்தால் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் காற்றோடு போய்விடும். இதில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. சிக்னலை நெருங்கி மெல்ல மிதித்தால், திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு அம்புக்குறி ஓடுவதைப் பார்க்கலாம். பச்சை விழுந்ததும் பெரும்பாலும் அந்த மின்சாரத்திலேயே சத்தமில்லாமல் நகரும். பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும். இதற்கு 'மின்மீட்பு பிரேக்' சரியாக வரும் என்று நினைக்கிறேன். 'மீளாக்கத் தடுப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் மீள்வது எது என்பது தெரியவில்லை.

நெரிசலில் நின்று நின்று ஓட்டுபவருக்கே லாபம் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அவ்வளவு மிச்சமாகாது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுவோம்.

வீட்டில் செருகி சார்ஜ் செய்யும் வகைக்கு 'மின்னேற்று இருவிசைக் கார்' என்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். பட்டறையில் வேலை செய்யும் நண்பர்கள் 'மின்மீட்பு பிரேக்' வாயில் எளிதாக வருகிறதா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.