புதுப்பிப்பு: கஞ்சிக்கோடு மோட்டாரில் 'பொருத்தல் பிழை' காட்டிய சென்சார்

முன்பு நான் கேட்டது இதுதான்: கஞ்சிக்கோட்டில் எங்கள் ஆலையின் புளோயர் மோட்டாரில் புதிதாக மாட்டிய அதிர்வு சென்சார், மோட்டார் நின்றிருக்கும்போதே 'பொருத்தல் பிழை' என்று கத்துகிறது. சென்சார் பழுது, மாற்றிவிடுங்கள் என்றுதான் நிறையப் பேர் சொன்னீர்கள்.

பழுதே இல்லை. இது மூன்று அச்சு மெம்ஸ் (சில்லுக்குள்ளேயே நுண்ணிய அசையும் பாகம் வைத்த) வகை. அசையாமல் இருக்கும்போதும் புவியீர்ப்பின் 1 ஜி அதில் பதிவாகும். செங்குத்து அச்சில் விழ வேண்டியது பக்கத்து அச்சிலும் சிந்தினால், தான் சாய்ந்திருப்பதை அதுவே கண்டுபிடித்துவிடும். வாளையாரிலிருந்து வரும் மெக்கானிக் அண்ணன் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, வளைவு மேல காந்தத்த ஒட்டியிருக்காங்க, ஆடுது பாருங்க" என்றார். சென்சாரைக் காந்தத்தால் மாட்டிய ஒப்பந்தக்காரர்கள் பெயின்ட்டைக்கூடச் சுரண்டவில்லை! இடத்தைத் தட்டையாக்கி, துளையிட்டு, ஸ்டட் (தலையில்லாத திருகு) போட்டு சென்சாரை முறுக்கினோம். எச்சரிக்கை போய்விட்டது.

ஆனால் இதை முழுசாக நம்பிவிடக் கூடாது. பெயின்ட் மேலேயே நேராக ஒட்டியிருந்தால் 1 ஜி சரியாகத்தான் காட்டும். பேரிங் தேய்மானத்தின் தொடக்க அறிகுறிகள் வருகிற சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வுகள்தான் மழுங்கிப்போகும். அதை இந்தச் சோதனை பிடிக்காது.

பீசோ (அதிர்வில் அழுந்தும் படிகம் மின்னூட்டம் தரும்) வகையிலும் இது நடக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நடக்காது, அது நிலையான ஈர்ப்பை உணராது. பயாஸ் வோல்டேஜை (சென்சார் வேலை செய்யும்போது கேபிளில் இருக்கும் நிலையான மின்னழுத்தம்) பார்த்து கேபிள் அறுந்ததா, ஷார்ட்டா என்று சொல்லலாம், அவ்வளவுதான்.