மாமியாரைப் பார்ப்பது பாசமா, வீட்டுக்காகவா?

கிழக்குவாசல்:
மாமியாருக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலப்பக்கம் முழுக்க வராது. மூக்குக்குழாய் வழியாகத்தான் கஞ்சி. மாமனார் இல்லை, நான்தான் பார்க்கிறேன். போன வாரம் வந்த நாத்தனார் காபியைக் குடித்துக்கொண்டே, "வீடு உங்களுக்குத்தானே வரப்போகுது, பாக்கத்தானே வேணும்" என்றார். எனக்கு வாயே வரவில்லை. நீங்களெல்லாம் எதற்காகப் பார்க்கிறீர்கள்?

கணக்கர்62:
அவர் சொன்ன இடம்தான் தப்பு, விஷயம் தப்பில்லை. 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவைப் பாருங்கள். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டுச் சொத்தை எழுதி வாங்கியவர் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். எல்லோரும் பாசத்தால் பார்த்திருந்தால் இந்தப் பிரிவுக்கு என்ன வேலை?

மூன்றாம்தளம்:
சார், அது பார்க்காதவனுக்காக எழுதிய பிரிவு. அதை வைத்துப் பார்க்கிறவரை எடைபோட்டால் எப்படி? என் அப்பா விட்டுப்போனது கூட்டுறவு வங்கிக் கடன் மட்டும்தான். நாலு வருஷம் பார்த்தேன்.

கணக்கர்62:
அப்போ ஊர் வாய்க்குப் பயந்து பார்த்திருப்பீர்கள்.

மூன்றாம்தளம்:
முதல் மாதம் அப்படித்தான், மறைக்கவில்லை. பெரியப்பா வருகிறார் என்றால்தான் வேட்டியே மாற்றுவேன். அப்புறம் ஒருநாள் துடைக்கும்போது வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப்புண் ஆரம்பம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வை என்றார் நர்ஸ். அன்றிலிருந்து போனில் அலாரம். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஊர் சார் விழித்திருக்கும்?

பனங்காடு:
ரெண்டு பேரும் சட்டத்தை முழுசாகப் படிக்கவில்லை. அதே 2007 சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை! வீடு மாமியார் பேரில் இருந்து, உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. மருமகளுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஆக, கடமையும் பங்கும் இருப்பவர் உட்கார்ந்து காபி குடிக்கிறார், ரெண்டும் இல்லாதவர் டயப்பர் மாற்றுகிறார். இதில் யாருடைய நோக்கத்தைக் கேள்வி கேட்பது?

கணக்கர்62:
சரி, அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அப்போதும் பாசம் என்று நிரூபணம் ஆகவில்லை அம்மா. புருஷன் சொன்னார், செய்கிறார். அதுக்குப் பேர் கட்டாயம்.

பனங்காடு:
கட்டாயத்திலும் பாதி உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு உண்டு. வீட்டிலேயே பார்த்தால் மாதாமாதம் பணம் வரும். அதனால் அங்கே பாசம் போலியாகிவிட்டதா என்ன? இங்கே கூலியும் இல்லை, லீவும் இல்லை, மேலே சந்தேகம் வேறு.

கிழக்குவாசல்:
கட்டாயம்தான் சார், ஆரம்பத்தில். கல்யாணமான புதிதில் என் ரசத்தை வாயில்கூட வைக்கமாட்டார். அந்த மனுஷிக்குப் பாசத்தால் செய்கிறேன் என்று சொன்னால் பொய். இப்போது கழுவிவிடும்போது, வேலை செய்கிற இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். முடிகிறவரை விடமாட்டார். கூச்சமா, விழுந்துவிடுவோம் என்ற பயமா, தெரியாது. நானும் விலக்குவதில்லை. அதற்கு என்ன பேர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம்தளம்:
அக்கா, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சொல்லிவையுங்கள், பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருவார்கள். ஏர் பெட் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

கிழக்குவாசல்:
ஏர் பெட் இருக்கிறது தம்பி. பனங்காடு அக்கா சொன்ன சட்டத்தையெல்லாம் நாத்தனாரிடம் எடுக்கவில்லை. மாதத்தில் ரெண்டு நாள் வந்து இருக்க முடியுமா, நான் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வருகிறேன் என்று மட்டும் போனில் கேட்டேன். "பாக்குறேன்" என்றார்.

கணக்கர்62:
எந்தப் 'பாக்குறேன்' அம்மா அது?

கிழக்குவாசல்:
சனிக்கிழமை தெரியும் சார்.